வள்ளத்தில் அக்காவுக்கு விட்ட இடம்

என் சத்தம் தாங்காமல் ரேடியோவைக் கூட்டி வைக்கும் என் அன்பான அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. காலைச் சாப்பாட்டுப் பாணுக்கு வரிசையில் நின்று நின்று அலுத்தீர்கள். இப்போது பாண் கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டு விற்கிறார். கடைகளில் ஜப்பான் ரேடியோக்கள் நிரையாக இருக்கின்றன. நம் வீட்டில் மட்டும் அதே பழைய ரேடியோ, அதே இரைச்சல்.

செல்வி ஆசிரியையாகிவிட்டாள். பாலையூற்றில் படிப்பிக்கிறாள், சைக்கிளில் போய் வருகிறாள். உங்கள் மகள் என்பதால் பிள்ளைகளுக்குக் கை ஓங்குவதில்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது என்னிடமிருந்து வந்ததாம். அக்கா அப்படித்தான் சொல்கிறாள்.

பெரிய செய்தி இனித்தான். நாளைக்கு, சனிக்கிழமை, மறுபடியும் வள்ளத்தில் போகிறோம். அதே அசனார் நானாவின் இயந்திர வள்ளம், அதே பன்னிரண்டு பேர் கணக்கு. உங்கள் கூட்டாளி இன்னும் மாறவில்லை. பதின்மூன்றாவது ஆளாக வத்திக்கானிலிருந்து பாப்பரசரே வந்தாலும் ஏற்றமாட்டார். இந்த முறை பயணத்துக்குத் தலைவி நான். சிரிக்காதீர்கள். எல்லா ஏற்பாடும் என் கையில்தான், எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு ஓகஸ்ட் விடுமுறைக்கும் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நான் வடக்கே, நிலாவெளிப் பக்கம் போய்ப் புறாத்தீவில் இறங்க வேண்டும் என்பேன். நீங்கள் தெற்கே, குடாவைக் கடந்து மூதூருக்குத்தான் என்பீர்கள். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் காலம். காலையில் காற்றுக்கு எதிரே போய்விட வேண்டும், சனம் களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். இதுதான் உங்கள் சட்டம். வடக்கே போனால் அது தலைகீழ்.

ஒரே ஒரு வருஷம் நான் வென்றேன். போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். வரும்போது ஆளுக்கொரு வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தோம். துறையில் இறங்கியபோது நீங்கள் என் முன்னால் நின்று தொப்பியைப் பிழிந்தீர்கள். அந்தத் தொப்பியை மட்டும் நான் மன்னிக்கவே இல்லை.

சரி, விளையாட்டுக் கதை போதும். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. இதை நாலு பேர் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். நான் செய்த பிழையையும் அந்த நாலு பேர் அறியட்டும்.

மூன்று வாரத்துக்கு முந்தி, ஞாயிறு பூசை முடிந்து வந்து, மேசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். செல்வி பேனையைப் பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அம்மா, உங்கட பேரையும் போடட்டோ?”

அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உன்ர கொப்பருக்கு நான் வாறது விருப்பமில்லை. அவர் இருக்கேக்க ஏறாத வள்ளத்தில, அவர் கண்ணை மூடினாப் பிறகு நான் ஏறுறதோ?”

“ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?” என்று கேட்டேன்.

“ஏன், நீதானே? முதல் வருஷம் நீதானே வந்து சொன்னனீ. ‘நீ வரத் தேவையில்லையாம், கடல் உனக்கு ஒத்துக்கொள்ளாதாம்’ எண்டு.”

ஓம். நான்தான் சொன்னேன்.

வாசிக்கிறவர்களுக்கு நம் வீட்டு வழக்கம் தெரியாது. நீங்களும் அக்காவும் ஆட்களுக்கு முன்னால் நேரே கதைக்கமாட்டீர்கள். “கொக்காவிட்டத் தேத்தண்ணி கேள்” என்று நீங்கள் என்னிடம் சொல்வீர்கள். “கொத்தானுக்குச் சீனி முடிஞ்சுதெண்டு சொல்லு” என்று அவள் சொல்வாள். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பீர்கள்! நடுவில் நான் தபால்காரி. தனியே இருக்கும்போது என்ன கதைத்தீர்களோ, அது எனக்குத் தெரியாது. என் வழியாகப் போனதையும் வந்ததையும் மறுபடி எடுத்துக் கிளறும் பழக்கம் உங்கள் இருவருக்கும் இருந்ததில்லை.

அந்த முதல் வருஷம் நீங்கள் துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து வந்து, கதிரையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்குச் சொன்னீர்கள். “கொக்காவையும் வரச் சொல்லு. முன்னால இருக்க இடம் விட்டிருக்கிறன் எண்டு சொல்லு.” அப்போது பன்னிரண்டாவது இடம் ஒன்றுதான் மிச்சம். அந்த இடத்தை நான் என் சிநேகிதி புளோறாவுக்குக் கொடுத்தாயிற்று. எனக்கு இருபது வயது. சிநேகிதியின் முகத்தை முறிக்க ஏலாத வயது.

ஒரு முறை மூதூர் லாஞ்சில் அக்கா சத்தி எடுத்தாள் அல்லவா, செல்வி வயிற்றில் இருந்தபோது? அதைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் கேட்காமலே உங்களிடம் வந்து, “அக்காவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாம், அவ வரேல்லையாம்” என்றேன். உங்களைக் கேட்காமலே அவளிடம் போய், “நீ வரத் தேவையில்லையாம்” என்றேன். குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் பத்து அடி தூரம். அந்தப் பத்து அடிக்குள் இரண்டு பொய். அன்றைக்கே மறந்தும் போனேன்.

நீங்கள் வற்புறுத்தாத மனிதர். அக்கா கேட்டு வாங்காத மனுஷி. பதினொரு வருஷம் அவள் விடிய எழும்பிப் புட்டு அவித்து, மீன் பொரித்து, வாழையிலையில் கட்டித் தந்து, துறையில் நின்று கை காட்டினாள். நீங்கள் மூதூருக்குப் போன ஒவ்வொரு முறையும் அவளுக்கென்று தோப்பூர்த் தயிர்ச் சட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள், அலை அடித்தாலும் கையை எடுக்காமல். அதைப் பற்றியும் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை குசினியில் இருந்து சொன்னாள்.

“தயிரைக் காட்டிச் சமாளிக்கிறாராக்கும் எண்டு நினைச்சனான்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, புளோறாவின் பெயரைக்கூட. அழுதுகொண்டுதான் சொன்னேன். அக்கா அழவில்லை. தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

அதன்பிறகு மூன்று நாள் என்னோடு கதையில்லை. “சின்னம்மாவுக்குச் சோறு போடவோ எண்டு கேள்” என்று செல்வியிடம் சொல்லி விட்டாள். நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன்! செல்விக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கை நான் எப்படி நேராக்குவது என்றுதான் யோசித்தேன். நீங்கள் அவளை விரும்பித்தான் கூப்பிட்டீர்கள் என்பதை நீங்களே வந்து அவளுக்குச் சொல்லவா முடியும்?

நாலாம் நாள் மத்தியானம் நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள்.

“அவர் என்ன சொன்னவர்? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லு.”

“‘கொக்காவையும் வரச் சொல்லு. முன்னால இருக்க இடம் விட்டிருக்கிறன் எண்டு சொல்லு.’”

“இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன். அத்தான், உங்கள் செய்தியைக் கொடுத்துவிட்டேன். பதின்மூன்று வருஷம் பிந்திக் கொடுத்தேன். என்னை மன்னியுங்கள்.

அவள் கொடியில் கிடந்த சீலையை இழுத்து நேராக்கினாள். பிறகு கேட்டாள்: “அந்த வெளிச்சவீட்டடிக்குப் போகேலுமோ?”

குடாவின் வாயில், சம்பூருக்கு அப்பால் முனையில் நிற்கிறதே, அந்த வெளிச்சவீடு. பொழுதுபட்டால் நம் குசினி யன்னலால் அது மின்னுவது தெரியும். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து பார்க்கிறாளாம். வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம், வீடு எப்படியென்று தெரியாதாம். நாங்கள் வடக்கா தெற்கா என்று பதினொரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியபோது, அக்காவுக்கு எங்கே போக விருப்பம் என்று யாராவது கேட்டோமா?

போகலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உங்கள் சட்டம் ஞாபகம் வந்தது. இங்கிருந்து நேரே போனால் காற்று முதுகில், வரும்போது முகத்தில். முதல் தடவையாக வள்ளம் ஏறுகிறவளை அப்படிக் கொண்டுவர ஏலாது. ஆகவே இருந்து யோசித்தேன். காலையில் காற்றுக்கு எதிரே மூதூருக்குப் போவது. அங்கிருந்து கிழக்கே கரையை ஒட்டிச் சம்பூரைத் தாண்டிப் போனால் தரை காற்றை மறைக்கும், தண்ணீர் குளம்போலக் கிடக்கும். வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு அதே கரையோடு மூதூருக்குத் திரும்பி, பிறகு காற்றோடு வீட்டுக்கு. தூரம் கூட, ஆனால் உங்கள் சட்டம் ஓர் இடத்திலும் உடையாது.

அசனார் நானா நம்பவில்லை. “வா தங்கச்சி, பாத்திட்டு வருவம்” என்று போன ஞாயிறு என்னையும் ஏற்றிக்கொண்டு போய், பாதை முழுக்க ஓட்டிப் பார்த்தார். வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் கல் இல்லாத ஒரு மணல் துண்டையும் கண்டுபிடித்தோம். திரும்பி வரும்போது அவர் உடுப்பில் ஒரு துளி தண்ணீர் இல்லை.

“மச்சான்ட கணக்குத்தான் இது,” என்றார். “ஆனா மச்சான் இந்தக் கணக்கப் போடல்லியே!”

போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானா, என்றேன். அதற்குமேல் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை.

எல்லாம் ஆயத்தம். விடிய ஐந்தரைக்குத் துறையில் நிற்க வேண்டும் என்று பன்னிரண்டு பேருக்கும் சொல்லியாயிற்று. பிந்தி வருகிறவரை விட்டுவிட்டுப் போவேன், அது நம் பங்குச் சாமியாராக இருந்தாலும். இந்த முறை சமையல் நானும் செல்வியும். புட்டு கட்டிபட்டுப் போனது, மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. அக்காவைக் குசினிக்குள் விடவில்லை. பயணம் போகிறவள் ஏன் அடுப்படியில் நிற்க வேண்டும்?

அவளைப் போன மாதிரியே பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குவேன். இது என் சத்தியம். இன்னொரு சத்தியமும் இருக்கிறது: இனிமேல் ஒருவர் சொல்ல வேண்டிய பதிலை நானாகச் சொல்லமாட்டேன். அதனால் சற்று முந்தி அக்காவிடம் நேரே போய்க் கேட்டேன். “அத்தானுக்குக் கடிதம் எழுதுறன். அவர் கேட்டதுக்கு என்ன சொல்ல?”

அவள் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன், அத்தான்.

“வாறன் எண்டு சொல்லு. முன்னாலதான் இருப்பன் எண்டும் சொல்லு.”

உங்கள் வாய்க்காரி மச்சாள்,
தெரேசா