காலில் மாட்டிய மருந்து

என் அருமை நைனாவுக்கு,

முனுசாமி மாமா கால் பிழைத்துவிட்டது! உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து தவிக்கிறேன். உன்னைக் கொண்டுபோன அதே புண், கட்டைவிரலுக்குக் கீழே அதே இடத்தில். மூடிக்கொண்டது நைனா.

நான் பி.எஸ்ஸி. முடித்ததை நீ பார்க்கவில்லை. இப்போது செங்கல்பட்டில், தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறேன். பௌதிகம் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். நடையை அளக்கிற வேலை. மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருக்கும், அங்கே தசை நசுங்கிப் புண்ணாகும். பாரம் எங்கே விழுகிறது என்று அந்தக் கால் சொல்லாது, நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செருப்புக்குள் வெள்ளைத் தாள் ஒன்றும் அதன்மேல் கார்பன் தாள் ஒன்றும் வைத்து நடக்கச் சொல்வோம். அழுத்தம் கூடிய இடம் கறுப்பாகப் பதியும். பிறகு, பாரம் பாதம் முழுக்கப் பரவும்படி கணக்குப் போட்டு, மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைத்தோம். அதைப் போட்டுக்கொண்டு மாமா ஆஸ்பத்திரி அறைக்குள் நடந்தபோது அந்தக் கறுப்புப் புள்ளி காணாமலே போய்விட்டது.

புண் மட்டும் ஆறவில்லை.

"நம்ம கணக்குதான் தப்பு போலிருக்கு கனகா" என்றார் டாக்டரம்மா. "செருப்பு தைக்கிறத நிறுத்திடலாம். இனி முனுசாமி கால எடுக்க வேண்டியதுதான்." தலையாட்டிவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக்கு வந்தேன். நம் சேரிக்குப் போக ஆண்டை தெருவை விட்டால் வேறு வழி ஏது? தெருமுனையில் எனக்கு முன்னால் மாமா போய்க்கொண்டிருந்தார். நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சுடுமணலில் வெறுங்காலோடு விந்தி விந்தி நடந்தார். பின்னாலிருந்து பார்க்க அப்படியே நீ! உன் செருப்பு உன் காலில் இருந்ததைவிடக் கக்கத்தில் இருந்த நேரம்தானே அதிகம்? அந்தப் புண் வலித்திருந்தால் நீ கழற்றாமல் நடந்திருப்பாயா? வலித்தாலும் கழற்றித்தான் இருப்பாயா?

மறுநாள் டாக்டரம்மா மேசைக்கு எதிரில் போய் நின்றேன்.

"கணக்கு தப்பில்லைங்க" என்றேன். "நாம அளந்தது ஆஸ்பத்திரி நடை. தெருவுல அவர் செருப்பு கால்ல இல்ல, கக்கத்துல இருக்கு."

ஏன் என்று கேட்டார். ஆண்டை தெருவில் சேரி ஆள் செருப்போடு நடக்கக் கூடாது என்பதைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "அப்ப தெருவுல போய் அளந்துட்டு வா" என்றார்.

மாமா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இன்னா பாப்பா, வம்புல மாட்டி வுட்றியா?" என்றார். "நானும் செருப்போட கூட வரேன் மாமா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார், தாளை வைத்துக் கட்டினேன்.

பாதித் தெருவில் ஆண்டை வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாடா முனுசாமி, கால்ல இன்னா அது?"

"மருந்துங்க ஆண்டே. டாக்டரம்மா குட்த்தாங்க. அவுத்தா புண்ணு ஆறாதாம்."

"மருந்த கால்ல மாட்டிக்கினா வருவ?"

"கால் புண்ணுங்களே. தலைல மாட்டிக்கினு வந்தா நல்லாவா இருக்கும்?"

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஆண்டையின் பார்வை என் காலுக்குத் திரும்பியது. "நடந்து அளக்கிறோம்ங்க. நடுவுல கழட்டினா அளவு கெட்டுப்போயிடும்" என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் நடந்தோம்.

தெரு முடிந்ததும் தாளைப் பிரித்தேன். முழுக்க ஒரே சாம்பல் நிறம், எங்கேயும் கறுப்புப் புள்ளி இல்லை. கணக்கு சரிதான் நைனா! அன்றிலிருந்து மாமா கழற்றவில்லை. புண் மெல்ல மெல்லச் சுருங்கி, நேற்று கட்டைப் பிரித்தபோது புதுத் தோல் மூடியிருந்தது. டாக்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டார். இப்போது வருகிறவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வியே, "செருப்ப எங்கெங்க கழட்டுற?" என்பதுதான். நம் சேரியில் காலில் ஒரு கீறல்கூட இல்லாதவர்களும் "மருந்து" போட்டுக்கொண்டுதான் ஆண்டை தெருவில் போகிறார்கள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அடுத்து மகாபலிபுரம் கரைக்குப் போகிறேன். மணலில் மரத்த காலை ஊன்றி வலை இழுக்கிறவர்களுக்கு இந்தச் செருப்பு உதவாது. அதற்கு வேறு கணக்கு போட வேண்டும். போடுவேன்.

அதற்கு முன்னால் சவுக்குத் தோப்பில் உன்னைப் புதைத்த இடத்துக்கு வருவேன். ஆண்டை தெரு வழியாக, செருப்போடு வருவேன். உன் மண்மேட்டின் அருகில் மட்டும் நானாகக் கழற்றி வைப்பேன்.

உன் மூத்த பொண்ணு,
கனகா