எலுமிச்சம்பழம் கட்டிய கயிறு

சனிக்கிழமை, இரவு

என் தம்பி செந்திலுக்கு உண்மையிலேயே ஜெட் ஸ்கீ, அதுதான் அந்தக் கடல் ஸ்கூட்டர், ஓட்டத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. துபாயில் பத்து வருஷம் ஓட்டியதாகச் சொல்கிறான். நாளை பூம்புகாரில் என் மகள் நிலாவைப் பின்னால் உட்காரவைத்துக் கடலுக்குள் போகப்போகிறானாம்.

இன்று புது வண்டிக்குப் பூஜை போட்டான். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டவேண்டிய சிவப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழத்தைக் கட்டி, ஹேண்டிலோடு முடிந்துவைத்திருக்கிறான். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கவேண்டும். கையேட்டில் படமே இருக்கிறது.

“இதைக் கையில மாட்டலையா?”

“பூஜையில கட்டினதை அவிழ்க்கக் கூடாது. டீச்சர் மாதிரி பேசாதக்கா.”

பின்னால் ஆள் இருந்தால் எப்படித் திருப்புவாய் என்று கேட்டேன். “டீ ஆறுது, குடி” என்றான்.

ஞாயிறு

கயிற்றை நானே அவிழ்த்து அவன் கையில் மாட்டினேன். முதலில் தனியாக ஓட்டச் சொன்னேன். வண்டியைத் திருப்பியதுமே விழுந்தான். எஞ்சின் நின்றது. லைஃப் ஜாக்கெட்டோடு அவன் மிதந்தான்; பக்கத்திலேயே வண்டியும் மிதந்தது.

“கயிறு ஹேண்டில்லயே இருந்திருந்தா, உங்க எலுமிச்சம்பழம் இந்நேரம் இலங்கைக்குப் போயிருக்கும் மாமா!” என்று நிலா சிரித்தாள்.

கரையேறியவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “துபாயில நான் பின்னாடி உட்கார்ந்துதான்க்கா போயிருக்கேன்.”