கிழிந்த மைக்கா

பாய், நேற்றுக் காலை உங்கள் மகன் டெலானிபூர் மேடேறி, மூச்சு வாங்க என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். கையில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய நம் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. "கடைப் பரணைக் காலி பண்ணுனேன் அங்கிள். வாப்பா இத உங்களுக்குன்னு சொல்லி வச்சிருந்தாங்க" என்றான்.

நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் ஈயம் பற்றவைக்கும் ஃப்ளக்ஸ் வாசனை குப்பென்று வந்தது. உங்கள் குடைக்கடைப் பின்னறையின் வாசனை. ஈயப் புகையும் புதுக் குடைத்துணியும் கலந்த அதை வேறு எங்கும் நான் முகர்ந்ததில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு நம் இருவருக்கும் இந்த ஆம்ப்ளிஃபயர் கிறுக்குப் பிடித்தது. அன்று மழைக்கு ஒதுங்கி, குடை வாங்கத்தான் உங்கள் கடைக்கு வந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு போர்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "ஜெட்டி ஆபீஸ் பாபுதானே நீங்க? இந்தக் கண்டென்சர்ல எது ப்ளஸ், எது மைனஸ்?" என்று கேட்டீர்கள். எனக்கு எங்கே தெரியும்! தெரிந்தவன் மாதிரி ஒரு பக்கத்தைக் காட்டினேன். கரண்ட் கொடுத்ததும் பட்டென்று வெடித்தது. கடையில் நின்ற வங்காளி அம்மா அலறிக்கொண்டு மழையிலேயே இறங்கி ஓடினார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்போதே நான் உங்களைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பின்னறையில்தான் கிடப்போம். ஒரு செய்முறை வீடியோ திறப்பதற்குள் இரண்டு டீ முடிந்துவிடும். அந்தக் காலத்து நெட் அப்படி. சாமான் எல்லாம் சென்னையிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வரவேண்டும். ஒரு துண்டு குறைந்தால் அடுத்த கப்பல்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஈயம் வைப்பது உங்கள் வேலை. பெட்டி, திருகாணி, ஒயர் என் வேலை. உங்கள் கையில் லேசாக நடுக்கம் உண்டு. அதனால் மணிக்கட்டை மேசையில் ஊன்றி, மூச்சை அடக்கித்தான் வைப்பீர்கள். நான் பறப்பேன். "சூடு ஏறாத எடத்துல ஈயம் ஒட்டாது பாபு, கொஞ்சம் பொறுங்க" என்பீர்கள்.

எங்கள் ஆபீஸில் படகோட்டும் செராங் ஒருவர் ரிட்டையர் ஆனார்; எல்லோருக்கும் அவர் தாதா, அண்ணன். அவருக்குப் பிடித்த பாட்டை நம் ஆம்ப்பில்தான் போடுவோம் என்று வாக்குக் கொடுத்தவன் நான். பெட்டிக்குள் சத்தத்தைப் பெருக்கும் ஐசி சில்லு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய மைக்கா ஒன்று வைக்க வேண்டும். சூட்டை விடும், கரண்டை விடாது. கப்பலில் வந்தவை சரியாக இரண்டே இரண்டு. நான் அவசரப்பட்டுத் திருகியதில் ஒன்று கிழிந்தது. அடுத்த ஜஹாஸ் வருவதற்குள் தாதா வீட்டுக்கே போய்விடுவாரே! 'சல் ஜாயேகா', எப்படியும் ஓடிவிடும் என்று மனதுக்குள் சொல்லி, மைக்கா இல்லாமலே முடுக்கினேன். நீங்கள் அப்போது வாடிக்கையாளருக்குக் குடை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் சொல்லவில்லை. பெட்டிக்குள் அடித்திருந்த பெயிண்ட் அலுமினியத் தகட்டைப் பெட்டியின் தகரத்தில் படவிடாமல் காத்தது. பாட்டும் பாடியது.

விழா அன்று ஆட்டோவில் குலுங்கி வந்ததில் அந்தப் பெயிண்ட் உரிந்து, தகடு தகரத்தில் பட்டிருக்கிறது. தாதாவின் பாட்டு பாதியில் நின்று, பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கியது நீங்கள்தான். "க்யா ஹுவா பாபு?" என்று ஆபீஸே என்னைப் பார்த்தது. எனக்கு அந்த நொடியே தெரியும் பாய், என்ன ஆயிற்று என்று. ஆனாலும் என் வாய் என்ன சொன்னது? "பாய் கா ஹாத் காம்ப்தா ஹை, கை நடுங்குது. ஈயம் சரியா ஒட்டியிருக்காது." எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் உங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டீர்கள். "ஆமா, என் கைதான் போல" என்றீர்கள். சாப்பிடாமல் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனீர்கள்.

அதன்பின் இரண்டு மழைக்காலம் அபர்டீன் பஜாரில் உங்கள் கடை இருக்கும் வரிசைப்பக்கமே நான் நடக்கவில்லை. கம்பி உடைந்த குடையைக்கூட வேறு இடத்தில் கொடுத்தேன். நீங்கள் ஒருநாள் போன் செய்தீர்கள். "என்ன பாபு, ஆளையே காணோம்? ஒரு வேலை முடிச்சு வச்சிருக்கேன், வாங்க." இன்று ஷிப் டே, அப்புறம் வருகிறேன் என்றேன். ஷிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிறகு நெஞ்சுவலி என்று மெயின்லேண்ட் போனீர்கள். அங்கேயே அடக்கம் ஆயிற்று என்றுதான் செய்தி வந்தது. ஒரு பிடி மண் போடும் பாக்கியம்கூட எனக்கு இல்லை.

நேற்று பெட்டிக்குள் பார்த்தேன். எரிந்த இடத்தில் புது ஐசி. இரண்டுக்கும் பின்னால் மைக்கா. இத்தனை உப்புக்காற்றிலும் உங்கள் ஈயம் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கிறது. மூடியின் உட்பக்கம் செலோ டேப்பில் நான் கீழே போட்ட அந்தக் கிழிந்த மைக்கா ஒட்டியிருக்கிறது. ஆக, உங்களுக்குத் தெரியும்.

"பாபு வந்ததும் சேர்ந்து போட்டுப் பாக்கணும்னு வாப்பா இத ஒருதரம்கூட ஆன் பண்ணல அங்கிள்" என்றான் உங்கள் மகன். பிறகு சிரித்துக்கொண்டே, "வாப்பா கை நடுக்கத்துல முதல்ல ஒருதரம் எரிஞ்சு போச்சாமே?" என்றான். நான் தலையாட்டினேன். வெட்கம்கெட்டவன், நேற்றும் தலையாட்டினேன் பாய்!

ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்று மாலை ஆபீஸ் விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்குப் போனேன். உங்கள் மகன் உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. கெட்டது என் வேலை, உங்கள் கை இல்லை என்று நின்றபடியே முழுக்கச் சொன்னேன். அவன் கிழிந்த மைக்காவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாப்பாவுக்கு இது தெரியுமா அங்கிள்?"

"தெரியும்."

"அப்ப ஏன் என்கிட்டகூடத் தன் கைன்னே சொன்னாங்க?"

என் போனையும் கடையிலிருந்த ஸ்பீக்கரையும் பெட்டியில் செருகினேன். ஸ்விட்சைப் போட்டேன். தாதாவின் பாட்டு, அன்று நின்ற இடத்தையும் தாண்டி, முழுக்கப் பாடியது. துளி இரைச்சல் இல்லை. பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு, மைக்காவை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது பாய். மேடேறி வரும்வரை அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க முயன்றேன்; முடியவில்லை.