இரட்டைக் கதிர் அரை ரூபாய்

நெடுவாய்க்கரை,
2-2-1979

அன்புள்ள தம்பி நீலமேகத்துக்கு அண்ணி எழுதுவது.

அன்றைக்குச் சாயங்காலம் கடை வாசலில் நின்றவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தாய். பண்ணையார் இராஜாங்கம், கடைக்காரர் குஞ்சிதபாதம், உப்பு வாங்க வந்த நாகம்மாள், உன் அண்ணன் வைரக்கண்ணு, நீ, நான். பன்னிரண்டு வருஷம் ஆனால் என்ன? யார் எந்தக் காலை மாற்றி நின்றார்கள் என்பது வரைக்கும் சொல்வேன்.

சித்திரையில் நல்லேர் பூட்டிய நாள். முதல் சால் ஓட்டியவர்களுக்குப் பண்ணையார் தாம்பாளத்தில் வெற்றிலையும் காசும் வைத்துக் கொடுத்தார். உன் அண்ணன் எடுத்த அரை ரூபாயில் கதிரும் வருஷமும் இரண்டிரண்டாக இருந்தன. சாயங்காலம் புகையிலைக்கு நீட்டியபோது குஞ்சிதபாதம் கல்லில் தட்டினார். "சத்தம் நல்லாத்தாம்ப்பா இருக்கு, எழுத்துதான் பேய் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பண்ணையார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூலிய ஏத்துன்னு கொடி புடிச்சது பத்தலியாடா? இப்ப காசே அடிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சேற்றில் எறிந்தார்.

பஞ்சாயத்தில், அண்ணன் அதைத் தாம்பாளத்திலிருந்து எடுத்ததைப் பார்த்தாயா என்று உன்னைக் கேட்டார்கள். "நான் மாட்ட அவுத்துக்கிட்டு இருந்தேங்க, பாக்கல" என்றாய். நானும் வரப்புக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றேன். அதனால் உன்னை நான் குறை சொன்னதே இல்லை. வாரத்துக்கு உழுத நிலம் போயிற்று. அதிராம்பட்டினம் உப்பளத்துக்குப் போன மனிதர் அங்கேயே கண்ணை மூடினார். என் பேத்தியைக்கூட இன்றைக்கும் கள்ளக்காசு வீட்டுப் பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சேற்றிலிருந்து பொறுக்கி வைத்திருந்த அந்தக் காசைப் பொங்கலுக்கு வந்தபோது நீ கேட்டாய் என்றுதான் கொடுத்தேன். பத்திரம். அது நல்ல காசா இல்லையா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணி அம்சம்

*

சென்னை,
19-2-1979

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். காலில் ஆணி இப்போது எப்படி இருக்கிறது?

நம் கூத்தாநல்லூர்க்காரர் ஜெக்கரியா பாய் இங்கே பழைய காசு வியாபாரம் செய்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, தலை நிமிரவில்லை. கடைசியில், "யாருப்பா சொன்னா கள்ளக்காசுன்னு? கள்ளக்காசு அடிக்கிறவன் இவ்வளவு அழகா தப்பு பண்ண மாட்டான்" என்றார்.

காசு அடிக்கும் அச்சைச் செய்யும்போது, மூல முத்திரையை இரும்பில் இரண்டு தரம் அழுத்துவார்களாம். இரண்டாம் அழுத்தல் மயிரிழை விலகினால் அச்சிலேயே எல்லாம் இரட்டையாகிவிடும். அதை யாரும் கவனிக்காமல் விட்டால், அந்த அச்சில் விழும் ஒவ்வொரு காசும் அதே மாதிரிதான் இருக்கும். காசு அடிக்கும்போது அச்சு அதிர்ந்து நிழல் மாதிரி விழுவது வேறு, அதற்கு மதிப்பில்லையாம். நம்முடையதில் இரண்டாவது எழுத்தும் முழுசாகப் புடைத்து நிற்கிறது, நுனிகூடப் பிளந்திருக்கிறது. "கோடியில ஒண்ணு" என்றார் பாய். பம்பாய்க்காரர் ஒருவரிடம் இதே காசு இன்னொன்று இருக்கிறதாம். படத்தைக் காட்டினார். அதே கதிர், அதே விலகல். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

அது நெல்லுக் கதிர் இல்லை அண்ணி, கோதுமையாம்!

நீலமேகம்

*

நெடுவாய்க்கரை,
3-3-1979

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நானே எழுத்துக் கூட்டி மறுபடி மறுபடி படித்தேன். நாகம்மாளைக் கூப்பிட்டும் படித்துக் காட்டினேன். "சர்க்காருக்கே கை தவறுமா அம்சம்?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். கோதுமை என்றால் கோதுமையாகவே இருக்கட்டும், நாங்கள் கண்டோமா!

வாய்க்காலுக்குத் தண்ணீருக்குப் போனவள் குடத்தை மறந்து நின்றுவிட்டேன். எங்கோ ஒரு இரும்பு மயிரிழை விலகியிருக்கிறது. அதில் விழுந்த ஒன்று ரயிலேறி, மூட்டையேறி, இந்த ஊர்த் தாம்பாளத்தில், இத்தனை பேர் இருக்க இந்த மனிதர் கைக்கு வந்திருக்கிறது. அதன் கூடப்பிறந்தது பம்பாயில் இருக்கிறது. அது எந்தச் சந்தையில் எவனைக் கள்ளனாக்கியதோ!

இதை எழுதப் பென்சில் ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். குஞ்சிதபாதத்தின் மேல் எனக்கு இனிக் கோபமில்லை. கோடியில் ஒன்றை அவர் எங்கே கண்டார், பயந்துவிட்டார். பண்ணையார் செத்துப்போனார். அவர் தாம்பாளத்தில் என்ன கிடந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. தெரியாமல் அடித்த அடி என்று அவரையும் விட்டுவிட்டேன். இத்தனை நாள் இவர்கள் இரண்டு பேரையும் திட்டாமல் நான் சோறு தின்றதில்லை, உனக்கே தெரியும்.

இந்தச் சித்திரை நல்லேருக்குக் காசோடு வந்துவிடு. பாய் சொன்னதை ஊர் நடுவில் நின்று சொல். விற்கிற பேச்சே வேண்டாம்.

அண்ணி அம்சம்

*

சென்னை,
14-3-1979

அன்புள்ள அண்ணிக்கு,

கோபப்படாமல் படிக்க வேண்டும். சித்திரையில் எனக்கு லீவு கிடைக்காது. ஊரார் வாய்க்குப் பயந்து இவ்வளவு பெரிய பொருளைத் துணியில் முடிந்து வைப்பதா? பாய் இரண்டாயிரம் தருகிறேன் என்றார். காசு வந்த வழியைக் கண்ணால் கண்டவர் எழுதிக் கொடுத்தால், சேகரிப்பவர்கள் இன்னும் கூடக் கொடுப்பார்களாம். பக்கத்தில் நின்றவன் நான்தானே! உடனே எழுதிக் கொடுத்தேன். பண்ணையார் தாம்பாளத்திலிருந்து அண்ணன் எடுத்ததையும், என்னிடம் காட்டி, "டேய், இந்த வருஷம் நமக்கு ரெண்டு வெளச்சல்டா" என்று சிரித்ததையும் ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூவாயிரம் ஆகிவிட்டது அண்ணி! பேத்தி கல்யாணத்துக்கு ஆகும். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

நீலமேகம்

*

நெடுவாய்க்கரை,
21-3-1979

நீலமேகத்துக்கு,

விலைக்காகக் கற்பனையாக எழுதினேன் என்று இனிச் சொல்லிவிடாதே. அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அவர் அதே சொல்லைச் சொல்லி என்னிடமும் சிரித்தார். நான் அதை யாருக்கும் சொன்னதில்லை. நீ அவர் பக்கத்தில் நின்று கேட்காமல் அது உனக்குத் தெரிய வழியில்லை.

பஞ்சாயத்தில் அவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் உன்னையே பார்த்தார் என்று எனக்கு இத்தனை வருஷம் புரியவில்லை.

மறு வருஷம் அந்த நிலம் உன் வாரத்துக்கு வந்தது. எங்களுக்கு இரண்டு போகம் நெல் அனுப்பினாய். அந்த நெல்லைத் தின்றுதான் என் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

காசை ஜெக்கரியா பாயிடமே கொடுத்துவிடு. அவர் ஊருக்கு வரும்போது நானே வாங்கிக்கொள்வதாக அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்ட தாளும் கூடவே வர வேண்டும். நல்லேர் அன்று அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். இனி எனக்கு எழுதாதே.

கடை வாசலில் நின்றவர்களில் இரண்டு பேரை விட்டுவிட்டேன் என்று எழுதினேன், அதில் மாற்றமில்லை. தெரியாமல் செய்தவர்கள் அவர்கள். நாகம்மாள் ஒன்றும் செய்யவில்லை. தெரிந்தே வாயை மூடியவன் ஒருத்தன்தான். சாகிற வரைக்கும் அவனை நான் விடமாட்டேன். அவன் பெயர்,

நீலமேகம்.