இருபத்து நான்காம் கேள்வி

பிப்ரவரி 18

ஜூன் தேசியத் தேர்வுக்கான மாதிரித் தேர்வு முடிவுகளை ஆசிரியர் அறையில் ஒட்டிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு, கணிதம், நூற்றுக்கு: என் ஏ பிரிவின் சராசரி 71, ஸ்லாட்காவின் பி பிரிவு 49.

பள்ளி ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பிரிவு சேரவே பிள்ளைகள் இல்லாத ஊராகிவிட்டது இது. முழுநேரக் கணித ஆசிரியர் இடம் ஒன்றுதான் இனி. நானா அவளா என்று தலைமையாசிரியை யன்குலோவா இதுவரை வாய் திறக்கவில்லை. இன்று தாளைத் தட்டிக் காட்டி, "இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார்.

எனக்குச் சந்தோஷம். அதை இங்கேயாவது மறைக்காமல் எழுதலாம். ஸ்லாட்கா காப்பி இயந்திரத்துக்கு முன்னால் நின்று, சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 20

விடைத்தாள்களைக் கேள்வி வாரியாகப் பிரித்தேன். இருபத்து நான்கு, முக்கோணம். என் வகுப்பில் பதினொரு பேர் ஒரே தப்பு, அதே வரியில்: "இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமம், ஆகவே சர்வசமம்." எந்தக் கோணம்? அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே இருக்கும் கோணமாக இருக்கவேண்டாமா? முப்பத்தொரு வருஷமாகப் பலகையைத் தட்டித் தட்டிச் சொல்கிறேனே!

பார்த்து எழுதியிருக்கிறார்கள், வேறென்ன. யன்குலோவாவிடம் கொண்டுபோனேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"அன்னிக்கு உங்க வகுப்புல யாரு கண்காணிப்பு? ஸ்லாட்காதானே? அந்தப் பொண்ணுக்கு இதுகூட முடியலையா?"

அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 21

வகுப்பில் நேராகவே கேட்டேன். யாரைப் பார்த்து யார் எழுதினீர்கள்? கலோயான்தான் எழுந்தான். பயம் தெரியாத பையன்.

"டீச்சர், காப்பி எல்லாம் அடிக்கல. போஷ்கோவ் சார் அப்படித்தான் சுருக்கமா எழுதச் சொன்னாரு."

போஷ்கோவ் ஓய்வுபெற்ற பொறியாளர். தபால் நிலையத்துக்குப் பின்னால் வீடு. எத்தனை பேர் அங்கே போகிறீர்கள் என்றேன். பதினெட்டுக் கை. வகுப்பில் மொத்தமே இருபத்து நாலு பேர்.

"அப்போ நான் இங்க நடத்தறது?"

"அது பள்ளிக்கூடத்துக்கு டீச்சர். பரீட்சைக்கு அவரு." கிண்டல் இல்லை. இதுகூடத் தெரியாதா என்பதுபோல் நின்றான்.

யன்குலோவாவிடம் சொன்னேன்: காப்பி இல்லை, ஒரே ட்யூஷன் வாத்தியார். "அப்பாடா, விடுங்க," என்று சிரித்தார். ஸ்லாட்கா தப்பித்தாள். பதினெட்டு என்ற எண்ணை மட்டும் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

பி பிரிவில் யார் யார் ட்யூஷன் போகிறார்கள் என்று ஸ்லாட்காவிடம் வெள்ளிக்கிழமையே சும்மா கேட்பதுபோல் கேட்டுவைத்திருந்தேன். நாலே பேர். மற்றவர்கள் வீட்டில் அதற்கெல்லாம் வழியில்லை.

சமையலறை மேசையில் ட்யூஷன் போகாதவர்களை மட்டும் தனியாக எழுதிக் கூட்டினேன். அவளுக்கு இருபத்தொரு பேர், சராசரி 46. எனக்கு ஆறு பேர், 38.

திரும்பக் கூட்டினேன். 38தான்.

ஆறு பேரை வைத்து என்ன முடிவுக்கு வரமுடியும்? ஒருத்திக்கு அன்றைக்குக் காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். சரி, இதே பிள்ளைகளின் பழைய நாலாம் வகுப்பு முடிவுகளை எடுத்தேன். அப்போது என் ஆறு பேரும் அவளுடைய பிள்ளைகளைவிட மேலே இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் வந்த பிறகு கீழே.

இருபத்து நான்காம் கேள்வியை அந்த ஆறு பேரும் வெறுமனே விட்டிருக்கிறார்கள். தப்பாகக்கூட ஒரு வரி இல்லை. அவர்களில் திலியானாவின் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு முக்கோணம் வரைந்து அழித்த தடம் மட்டும்.

பிப்ரவரி 26

தூக்கம் சரியில்லை.

மார்ச் 1

எல்லாரும் எல்லாருக்கும் சிவப்பு வெள்ளை நூல் கட்டும் நாள். காலையிலேயே ஸ்லாட்கா வந்து என் மணிக்கட்டில் கட்டினாள். இறுக்காமல், பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணு கேட்கலாமா? ஒரு நாள் உங்க வகுப்புல பின்னாடி வந்து உக்காரட்டுமா? எழுபத்தொண்ணு எப்படி வாங்க வைக்கிறீங்கன்னு பாக்கணும். எனக்கு வேலை போனாக்கூட பரவாயில்ல, கத்துக்கிட்டாவது போறேன்."

பாக்கலாம்மா என்றேன். பாக்கலாமாம்! எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அவ கட்டின நூல் கையில கிடக்கு, வாயில வர்றது பொய்.

மார்ச் 12

ஆசிரியர் கூட்டம். யன்குலோவா 71, 49 என்று படித்து, செப்டம்பர் இடத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தார். நான் எழுந்தேன். இரண்டு பட்டியலையும் மேசைமேல் வைத்தேன்.

"இந்த எழுபத்தொண்ணு என்னோடது இல்ல. போஷ்கோவோடது."

அறையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். யன்குலோவா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஸ்னெஷானா, ஆறு பேர்தானே? இதை வச்சு உங்களையே நீங்க கழிச்சுக்கலாமா?"

"ஆறு பேர்தான். ஆனா நான் சொல்லிக்குடுத்து எழுதினது அந்த ஆறு பேர் மட்டுந்தான்."

முடிவை ஜூனுக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வரும்போது ஸ்லாட்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் கேட்டேன்: "நான் வந்து உன் வகுப்புல பின்னாடி உக்காரட்டுமா?"

மார்ச் 14

பின்பெஞ்சு. கால் நீட்ட இடமில்லை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஸ்லாட்கா சுண்ணக்கட்டியைத் தொட்டது இரண்டே தடவை. ஒரு பையன் பலகையில் தப்பாக எழுதுகிறான், அவள் பேசாமல் நிற்கிறாள். எனக்கு நாக்கு துடிக்கிறது! கடைசியில் மூன்றாம் வரிசைப் பெண் ஒருத்தி, "அந்தக் கோணம் அங்க இல்லடா, இங்க," என்று எழுந்து போனாள். இவ்வளவு காலமும் அந்த வாக்கியத்தை நானே சொல்லி முடித்துவிட்டிருக்கிறேன்.

மார்ச் 27

பள்ளி முற்றத்துப் பிளம் மரம் பூத்துவிட்டது. மார்ச் 1 நூலை அவிழ்த்து, வழக்கப்படி பூத்த கிளையில் கட்டினேன்.

ஏப்ரல் 9

செவ்வாய், வியாழன் மதியம் என் ஆறு பேரும் ஸ்லாட்காவின் பிள்ளைகளும் ஒரே அறையில். இன்று திலியானா பலகைக்கு வந்தாள். நான் பேசவில்லை. நாலு நிமிஷம் பேசவில்லை. இவ்வளவு கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை.

மே 15

முடிவுக்கு ஜூன்வரை காத்திருக்கவேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். முழு இடம் ஸ்லாட்காவுக்கு. எனக்கு அரை நேரம், மதிய வகுப்பு மட்டும். யன்குலோவா, "நல்லா யோசிச்சீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஜூன் 28

தேசியத் தேர்வு முடிவுகள். ஏ பிரிவு 73, பி பிரிவு 54. இந்த முறையும் ஆசிரியர் அறையில் ஒட்டினார்கள். நான் நின்று பார்க்கவில்லை.

பள்ளி வாசலில் திலியானா காத்திருந்தாள். 58. திருத்திய தாளைக் கைபேசியில் திறந்து என்னிடம் நீட்டினாள். முக்கோணக் கணக்கு. அவள் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது: "இரண்டு பக்கங்களும், அவற்றுக்கு இடையே உள்ள கோணமும் சமம்."

"இடையே" என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.