இரண்டாம் அறை விளக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்
4.10.2025

அன்புள்ள அனு,

கையைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரே போன், அதுவும் என் மாமியாருக்காக எந்நேரமும் ஸ்பீக்கரில் கிடக்கும்.

விரலிடுக்குச் சேற்றுப்புண் உள்ளங்கை வரை வந்துவிட்டது. பால்கோவா கடையில் பாத்திரம் கழுவுகிறவளுக்குக் கை காய ஏது நேரம்? முதலாளி நேற்று பார்த்துவிட்டார். "இந்தக் கையோட பாத்திரத்தத் தொடாத தாயி. ஆறட்டும், பொறவு வா" என்றார். அவர்மேல் தப்பில்லை. தைக்குள் ஆறாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார். அந்தச் சம்பளம் நின்றால் எங்கள் பாடு உனக்குத் தெரியும்.

நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் சேற்றுப்புண்ணுக்கு விளக்கு வெளிச்சம் காட்டிப் பார்க்கிற சோதனையில் என் பேரைச் சேர்த்துவிட்டாய், நன்றாயிருப்பாய். ஆனால் டாக்டரம்மா கையெழுத்து வாங்கும்போது சொன்னது உறுத்துகிறது. பாதிப் பேருக்குத்தான் நிஜ விளக்காம், மீதிப் பேருக்குச் சும்மா விளக்காம். பள்ளிக்கூடத்தில் உனக்காக எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் அனு. எனக்கு நிஜ விளக்காகப் பார்த்துப் போடு.

உன்,
பாண்டிசெல்வி


ராஜபாளையம்
8.10.2025

என் பாண்டிக்கு,

பழைய பொய்களையெல்லாம் இப்போதுதான் நினைவுபடுத்துவாயா? நீ கேட்பது நடக்காதடி. யாருக்கு எந்த அறை என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டுத் தருகிறது. எந்த அறையில் நிஜ விளக்கு என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. களிம்பும் மாத்திரையும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்த வெளிச்சம் பட்டால் தோலுக்கடியில் இருக்கிற நரம்பு உசுப்பப்பட்டு, உடம்பின் காவல் அணுக்களைக் கூட்டி வந்து பூஞ்சையோடு மோதவிடுமாம். எலிகளிடம் பலித்திருக்கிறதாம். மனிதரிடம் பலிக்குமா என்று பார்க்கத்தான் இத்தனை கெடுபிடி. என்னைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதே.

அன்புடன்,
அனுக்ரஹா

பி.கு. கடிதத்தை ஒட்டப்போய்ப் பிரித்துவிட்டேன். உன் கை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. திங்கட்கிழமை நான் யார் பேரைக் கூப்பிட்டாலும் நீ நேராக இரண்டாம் அறைக்குள் போய்விடு. இரண்டு விளக்குக்கும் அடியில் கையை நீட்டிப் பார்த்தேன், இரண்டாவதில்தான் சூடு இருக்கிறது, அதுதான் நிஜ விளக்காக இருக்கும். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.10.2025

அன்புள்ள அனு,

நீ சொன்னபடியே வாராவாரம் இரண்டாம் அறையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வெளிச்சம் கதகதப்பாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

வ. புதுப்பட்டியிலிருந்து செல்லத்தாய் என்று ஒரு பெண் வருகிறாள். நடவு வேலைக்காரி. அவள் சீட்டில் இரண்டாம் அறை என்றுதான் இருந்ததாம். "ஒண்ணாம் ரூமுக்கு அனுப்பிட்டாவக்கா. எல்லாம் ஒரே வெளிச்சந்தான" என்று சிரிக்கிறாள். அவள் கையைப் பார்த்தாயா? இரண்டு நகம் கழன்றே விழுந்துவிட்டது.

ராஜபாளையம் பஸ்ஸில் எனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறாள். போன வாரம் அவள் எலுமிச்சைச் சோற்றில் பாதியை எனக்குப் போட்டாள். நான் கேட்டபோது நிஜ விளக்கு யாரிடமிருந்து வரும் என்று யோசிக்கவே இல்லை அனு. ஏதோ அலமாரியிலிருந்து எடுத்துத் தரப்போகிறாய் என்கிற மாதிரி கேட்டுவிட்டேன்.

எங்களை மாற்றிவிடு. அவளுடையதை அவளுக்கே கொடுத்துவிடு.

பாண்டிசெல்வி


ராஜபாளையம்
4.12.2025

பாண்டி,

நீ எழுதியதற்குப் பதில் போடாமல் இருந்தேன். நீ வரும்போதெல்லாம் மாடிக்கு ஓடினேன். நடுவில் மாற்றினால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

சோதனை முடிந்து, எந்த அறையில் நிஜ விளக்கு என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையை நேற்று பிரித்தார்கள். நிஜ விளக்குக்குச் சூடே கிடையாதாம். இரண்டாம் அறையில் இருந்தது வெறும் பல்புக்கு வண்ணக் கண்ணாடி போட்டது, அதனால்தான் சுட்டதாம். உனக்குச் சீட்டில் விழுந்தது முதல் அறை. நான் சும்மா இருந்திருந்தால் உனக்கு நிஜ விளக்கே கிடைத்திருக்கும்.

செல்லத்தாய்க்குக் கை ஆறிவிட்டது. உனக்கு இன்னும் பரவியிருக்கிறது என்று குறிப்பில் பார்த்தேன். விளக்கால்தானா என்று ஒருத்தரை வைத்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் உங்கள் இருவர் கணக்கும் பொய்யாகவே நிற்கும், அதை நம்பி நாளை வேறு யாருக்கோ வைத்தியம் செய்வார்கள். எனக்கு யோசிக்க அவகாசம் கொடு. அதுவரை யாரிடமும் சொல்லாதே, உன் காலில் விழுகிறேன்.

அனு


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.12.2025

அனு,

கையெழுத்து என்னுடையதில்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். விரலெல்லாம் வெடித்துப் பேனா பிடிக்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் செல்லத்தாய்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். உன் கடிதத்தை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். நான் கேட்டதையும் சொன்னேன். படித்துவிட்டு, "ஒங்களுக்கு வரவேண்டியதா எனக்கு வந்துச்சு?" என்று கேட்டு என் கையைப் பார்த்து அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது.

என் விளக்கு போனதில் உன்மேல் கோபமில்லை. அவளுக்கு ஆறியதில் சந்தோஷம்தான். ஆனால் அவளுடையது என்று நினைத்துத்தானே நீயும் நானும் எடுத்தோம்? வேலையும் அநேகமாகப் போய்விட்டது, அதை நான் யாரிடம் போய் அழுவது?

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்க வருகிறோம். அதற்குள் நீயே சொல்லிவிடு. நான் சொல்லும்படி வைக்காதே.

பாண்டிசெல்வி

அனுக்ரஹாக்காவுக்கு, இது நானா எழுதுறது. எனக்குக் கை ஆறிருச்சு, அதனால ஒங்க மேல வருத்தப்படக் கூடாதுன்னுதான் பாக்கேன். முத நாளு ரெண்டாம் ரூமுக்கு நீங்க கூப்பிட்டது என் பேரைத்தான். நான் எந்திரிச்சு வந்தேன். நீங்க என்னைப் பாத்துட்டு, "ஒன்னைய இல்ல, உக்காரு"ன்னிய. என் சேலை அழுக்கா இருந்ததாலன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு வாராவாரம் கல்யாணச் சேலையக் கட்டிக்கிட்டுத்தான் வந்தேன்.

செல்லத்தாய்