வாசலில் நிற்கும் பேய்

போடிமெட்டு,
8.7.84

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

மேகத்துக்கும் மேலே ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தை ஆண்டுவரும் உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

கட்டுரை எழுத வராத பிள்ளைகளிடம் நம்ம டேப்ரிக்கார்டரைக் கொடுத்து, "ஆளுக்கொரு வரியா கதை சொல்லிப் பதிங்க, நாளைக்கு அதைக் கேட்டு எழுதலாம்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன். ஈரேழு உலகமும் காணாத கல்விமுறை!

சாயங்காலம் தனியாகப் போட்டுக் கேட்டால், பாவிகள் பேய்க்கதை சொல்லியிருக்கிறார்கள். பேய் மெட்டு வளைவில் ஜீப்பை மறித்து ஏறி, ஏலக்காட்டைத் தாண்டி வருகிறது. கடைசியில் பொன்னுமணி, "பேயி நேரா நம்ம சார் வீட்டுக்கு வந்து, 'வாத்தியாரே, கதவத் தெற'ன்னுச்சு" என்கிறாள். அந்த இடத்தில் பேட்டரி தீர்ந்து, அவள் கீச்சுக்குரல் இழுத்து இழுத்து எருமைக்குரலாகி நின்றுவிட்டது. நான் நடுங்கவில்லை, கட்டில்தான் விடியும்வரை ஆடியது.

மீதிக் கதையைப் பிள்ளைகளிடம் கேட்டால் என் மானம் போய்விடும். ஆகையால் பேய் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. நாலு பேட்டரியும் கனமான தாழ்ப்பாள் ஒன்றும் தோட்டத்து ஜீப்பில் கொடுத்துவிடு. இடமிருந்தால் நீயும் ஏறிக்கொள். வந்ததும் கதவைத் தட்டாதே. வெளியே நின்று என்னைத் திட்டு. நீதான் என்று தெரிந்து திறப்பேன்.

ஜீப்பு கிளம்புகிறது.

அஞ்சா நெஞ்சன்,
காசிராஜன்